இரண்டு நொடி

முதல் நாள் அது ஓடியது.
ஒன்று, இரண்டு.
பிறகு நின்றது,
கதவைப் பாதி திறந்து
முகம் பார்த்து
மூடிவிட்டவர் போல.

வூப்பெர்டால், பார்மென் மேடு.
வாடகைக் கராஜ், மூன்று மீட்டர் அகலம்.
கார் உள்ளே நின்றால்
நாங்கள் நண்டுகள்.
ஷிரோக்கோ, எண்பத்தெட்டாம் ஆண்டுப் பிறப்பு.
ஏதோ பாலைவனக் காற்றின் பெயராம்.
நான் சோளகம் என்று கூப்பிடுகிறேன்.
கஜரூபன் கடன் என்று கூப்பிடுகிறான்.

உள்ளே போன எஞ்சின் ஒரு அவுடியுடையது.
ஹாகனில், செலாலின் உடைசல் முற்றத்தில்
மூக்கு நசுங்கி
மழையில் நின்ற வண்டி.
"முகம்தான் போனது, நெஞ்சு நல்லது" என்றார்,
என் அறுநூறு யூரோவை
இரண்டு முறை எண்ணிவிட்டு.
எஞ்சினோடு அதன் கணினியும்
மீட்டர் பெட்டியும்
ஒரு கூடை வயரும் வந்தன.
வயரில் பாதிக்கு
எங்கே போவதென்று தெரியவில்லை.
ரேடியேட்டரை ஒரு விரற்கடை முன்னே தள்ளி,
பேட்டரியை டிக்கிக்கு அனுப்பி,
மவுண்டை வெல்டிங் செய்தேன்.
பிடிக்கிறது. அழகாய் இருக்கிறதென்று
நான் சொல்லவில்லை.

ஒன்று, இரண்டு.
பெட்ரோல் பம்ப் என்றேன்.
மாற்றினோம்.
ஒன்று, இரண்டு.
எங்கோ காற்று கசிகிறது என்றான்.
ஊதுபத்தி கொளுத்தி
குழாய்குழாயாய்க் காட்டினேன்,
அந்த இரண்டு நொடிக்குள்
புகை எங்கே வளைகிறது என்று.
எங்கும் வளையவில்லை.
பக்கத்திலேயே பெட்ரோல் கேன் திறந்திருந்தது
பிறகுதான் உறைத்தது.
கராஜ் மட்டும்
நாள் முழுக்க வெள்ளிக்கிழமையாய் மணத்தது.

டோர்ச் பிடிப்பவன்
தனக்குப் பார்க்க வேண்டியதையே காட்டுவான்.
இதற்காக நாங்கள் போட்ட சண்டைகளை
இங்கே எழுதப் போவதில்லை.

கதவில் ஒரு சீட்டு,
மேல்வீட்டு ஃபிராவ் கெஸ்லிங்கின்
சாய்ந்த கையெழுத்து:
ஞாயிறு அமைதி நாள், இரவு பத்துக்கு மேலும் அப்படியே.
இரண்டு நொடிச் சத்தத்தைப் பற்றி
அதில் ஏதும் இல்லை.

அன்று அவன் கை சோர்ந்து
டோர்ச் கீழே விழுந்தது.
இருட்டில்தான் கண்டேன்,
மீட்டர் பெட்டியின் மூலையில்
சாவி வடிவில் ஒரு சின்ன விளக்கு.
கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.
எத்தனை வாரமாகவோ.

பம்பும் இல்லை, காற்றும் இல்லை.
செத்த வண்டியின் மூளை
தன் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தது.
நாங்கள் கொடுத்ததோ
ஷிரோக்கோவின் பழைய இரும்பு,
பேசத் தெரியாத இரும்பு.

மறுபடியும் ஹாகன்.
செலாலிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சாவிகள்.
ஒவ்வொன்றாய் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
நாற்பதாவதோ என்னவோ.
வளையத்தில் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்குப் போடும்
சிவப்புப் பிளாஸ்டிக் காசு.
ஓட்டியவருக்கு என்ன ஆயிற்று என்றேன்.
"சாவி இருபது யூரோ" என்றார்.

அதன் வயிற்றுக்குள்
அரிசி அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு.
பூட்டைச் சுற்றிய கம்பிவளையத்தில்
டேப் போட்டு ஒட்டினேன்.
சனி இரவு, ஒன்பது நாற்பது.

ஒன்று.
இரண்டு.
மூன்று என்றான், கத்தி.
பதினொன்று வரை எண்ணியவன்
பிறகு எண்ண மறந்து
பானெட்டின் மேல் கை வைத்து நின்றான்,
காய்ச்சல் பார்ப்பவன் போல.

மீட்டரில்
இரண்டு இலட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூற்று ஏழு.
எங்கள் கிலோமீட்டர் அல்ல.
மேட்டிறக்கத்தில் மெல்ல உருட்டி,
தொங்குரயில் பாலம்வரை போய்த் திரும்பினோம்.
அறுநூற்று எட்டு.

இன்னும் ஒரு சிவப்பு விளக்கு அணையவில்லை.
ஏர்பேக்.
எங்கள் காரில் அப்படி ஒன்று
என்றைக்கும் இருந்ததில்லை.
அந்த வண்டியில் அது
ஒரே ஒரு முறை விரிந்திருக்கும்.
செவ்வாய்க்கிழமை ட்யூஃப் சோதனை,
கறுப்பு டேப் ஒட்டி மறை என்கிறான் கஜரூபன்.
எடுத்தேன். கத்தரித்தேன்.
இன்னும் விரல்நுனியில் ஒட்டியபடி இருக்கிறது.
கீழே எண்ணெயும் சொட்டுகிறது,
மணிக்கு மூன்று சொட்டு.

இன்று பால் வாங்கப் போனேன்.
சில்லறை இல்லை.
அந்தச் சிவப்புக் காசைப் போட்டேன்.
தள்ளுவண்டி
யாருடையது என்று கேட்காமல்
கழன்று வந்தது.